ஊர்க் குடிநீரிலும் கழிவுநீரிலும் பிஃபாஸ்: புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

மிச்சிகனில் ஒரு சிறிய ஊரின் தண்ணீர்த் துறையில் வேலை பார்க்கிறேன். கிணறு, மேல்நிலைத் தொட்டி, குழாய், கழிவுநீர் நிலையம் எல்லாமே எங்களுக்கு ஒரே அலுவலகம்தான். எம்எஸ் முடித்துவிட்டு இதே மாதிரி ஊர்களில் சேரும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே ஃபோன் செய்து, "அக்கா, பிஃபாஸ் ஃபைலைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டார்கள், எங்கே ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். சட்டமும் வரம்பு எண்களும் அமெரிக்காவுக்கானவை. மற்ற வேலையெல்லாம் எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிஃபாஸ் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் கிடையாது, ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் அடங்கிய ஒரு பெருங்குடும்பம். கார்பனும் ஃபுளூரினும் இறுகப் பிடித்துக்கொண்ட சங்கிலிகள். அந்தப் பிணைப்பை வெயிலும் மண்ணும் நுண்ணுயிரும் உடைப்பதில்லை, அதனால்தான் அழியா வேதிப்பொருள் என்ற பெயர் வந்தது. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது என்ற குணத்துக்காக ஒட்டாத வாணலி, மழைக்கோட்டு, கம்பளம், பீட்சா அட்டை, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, குரோம் முலாம் தொட்டி என்று எங்கெங்கோ இதைப் போட்டார்கள். நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் பெயர்கள் இரண்டு: பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ். இரண்டையும் அமெரிக்காவில் தயாரிப்பது நின்று பல வருடங்கள் ஆகியும் நிலத்தடி நீரில் அப்படியே இருக்கின்றன. உடம்புக்குள் போனாலும் சீக்கிரம் வெளியேறாது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் பிடிக்கும்.

மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம் டூபான்ட் ஆலையால் தண்ணீர் கெட்ட ஊர்களில் சுமார் 69,000 பேரிடம் ரத்த மாதிரியும் உடல்நல விவரமும் சேகரித்தார்கள். அதை வைத்து ஆராய்ந்த குழு சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், தைராய்டு நோய், அதிகக் கொழுப்பு உட்பட ஆறு நோய்களுக்கு பிஎஃப்ஓஏவோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு சொன்னது. 2023 கடைசியில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது.

இன்னொன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கொதிக்க வைத்தால் இது போகாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், இது அதே பாத்திரத்தில் தங்கிவிடும். குளோரினுக்கும் அசையாது.

அளவு எவ்வளவு சின்னது என்று உணருங்கள்

இபிஏ, அதாவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2024 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் போகக் கூடாது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பதைத்தான் இங்கே ஒரு பிபிடி, அதாவது லட்சம் கோடியில் ஒரு பங்கு, என்கிறார்கள். ஒரு பிபிடி எவ்வளவு? மருந்துப் புட்டியில் விடும் ஒரு சொட்டை 5 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் எவ்வளவோ அவ்வளவு. சென்னைத் தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிக்கு ஒரே ஒரு சொட்டு.

அதே விதியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்எச்எக்ஸ்எஸ், பிஎஃப்என்ஏ, ஜென்எக்ஸ் மூன்றுக்கும் தலா 10 பிபிடி என்று வரம்பு வைத்தார்கள், சில பொருள்கள் கலந்து இருந்தால் அந்தக் கலவைக்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். முதல் சுற்றுப் பரிசோதனை 2027க்குள், வரம்புக்குள் கொண்டுவருவது 2029க்குள் என்பது ஏற்பாடு. 2025 மே மாதம் இபிஏ, முதல் இரண்டின் வரம்பை வைத்துக்கொண்டு கெடுவை 2031க்குத் தள்ளப்போவதாகவும் மற்றவற்றின் வரம்பைத் திரும்பப் பெறப்போவதாகவும் அறிவித்தது. இதைக் கேட்டதும் "அப்போ அவசரம் இல்லை" என்று ஃபைலை மூடுகிறவர்களைப் பார்க்கிறேன். மூடாதீர்கள். ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட வரைபடம், அனுமதி, பணம், ஒப்பந்தம் என்று மூன்று நாலு வருடம் சாதாரணமாகப் போய்விடும். மேலும் மாநிலங்களுக்குத் தனி வரம்பு உண்டு. எங்கள் மிச்சிகன் 2020 ஆகஸ்டிலேயே பிஎஃப்ஓஏவுக்கு 8, பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு 16 உட்பட ஏழு பொருள்களுக்கு வரம்பு கொண்டுவந்துவிட்டது. உங்கள் மாநிலத்தின் எண்ணை வாங்கி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

பழைய எண்களைத் தோண்டி எடுங்கள்

புதிதாக ஒரு சோதனைக்கும் பணம் செலவழிக்கும் முன் அலமாரியைப் பாருங்கள். 3,300 பேருக்கு மேல் தண்ணீர் கொடுக்கும் எல்லா ஊர்களும் 2023லிருந்து 2025க்குள் 29 வகை பிஃபாஸுக்குத் தண்ணீரைச் சோதிக்க வேண்டியிருந்தது. சின்ன ஊர்களிலும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். உங்கள் ஊரின் முடிவு இபிஏவின் இணையதளத்திலேயே இருக்கலாம். மாநிலம் தனியாக எடுத்ததும் இருக்கலாம்.

கிடைத்ததைக் கிணறு வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எந்த முறை, எவ்வளவு. "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையில் கண்டறியும் எல்லையே 20, 40 என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு நம் தண்ணீர் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர்கள் உண்டு.

மாதிரி எடுக்கும் கலை

இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாலாயிரம் லாரிக்கு ஒரு சொட்டைத் தேடுகிறோம், நம் கையிலும் சட்டையிலும் இருப்பது அதைவிட அதிகம்.

முந்தின இரவே தயாராகுங்கள். பலமுறை துவைத்த பழைய பருத்திச் சட்டை போதும். புது உடுப்பு வேண்டாம், மழைக்கோட்டு வேண்டாம், துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தது வேண்டாம். காலையில் கைக்கு கிரீம், முகத்துக்கு சன்ஸ்கிரீன் பூசாதீர்கள். காரில் பர்கர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அதே கையோடு இறங்காதீர்கள். மழையில் நனையாத நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுச் சாதாரணத் தாளும் பால்பாயிண்ட் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட நிஜ ஐஸ் கட்டி, நீல ஜெல் பொட்டலம் வேண்டாம்.

பம்ப் ரூமுக்குப் போனதும் முதலில் குழாயின் மரையைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு டேப் சுற்றியிருக்கிறதா? பிளம்பர்கள் போடும் டெஃப்லான் டேப், அதுவே இந்தக் குடும்பம்தான். அந்தக் குழாயை விட்டு வேறொன்றில் எடுங்கள். சுத்திகரிப்பெல்லாம் முடிந்து ஊருக்குள் போகும் முதல் இடம்தான் விதிப்படி மாதிரி எடுக்க வேண்டிய இடம். தண்ணீரைத் திறந்து, குளிர்ச்சி ஒரே மாதிரி ஆகும்வரை மூன்று, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். நைட்ரைல் கையுறையைப் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் வேறு எதையும் தொடாமல் புட்டியைத் திறங்கள். லேபிலிருந்து வரும் பாலிபுரோப்பிலீன் புட்டிக்குள் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள், குளோரினைக் கட்டிப்போட அவர்களே போட்டு அனுப்பியது. மூடியைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிரப்பி, மூடி, பொடி கரையும்வரை ஆட்டி, உடனே ஐஸ் பெட்டிக்குள்.

இன்னொரு புட்டியில் லேப் சுத்தமான தண்ணீர் அனுப்பியிருக்கும். அதை அதே இடத்தில் நின்று காலிப் புட்டி ஒன்றுக்குள் ஊற்றி மூட வேண்டும். இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். உங்கள் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதாவது ஒட்டியிருந்தால் இந்தப் புட்டி காட்டிக்கொடுத்துவிடும். அதில் அளவீட்டு எல்லையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதாவது தென்பட்டால் அதோடு எடுத்த மாதிரிகள் செல்லாது.

எனக்கே நடந்திருக்கிறது. சேர்ந்த முதல் வருடம், அக்டோபர் மாதம், விடாத தூறல். குளிர் தாங்காமல் புதிதாக வாங்கிய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று கிணறுகளில் எடுத்தேன். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது, வெற்றுப் புட்டியிலேயே பிஃபாஸ். மூன்று கிணறுகளின் மாதிரியும் போச்சு, பணமும் போச்சு, அந்தக் காலாண்டுக்குள் திரும்ப எடுக்க ஓடினோம். மறுமுறை பழைய ஸ்வெட்டரோடு போனேன், வெற்றுப் புட்டி சுத்தமாக வந்தது. கோட்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு மழை பெய்தால் இன்னொருவர் கொஞ்சம் தள்ளி நின்று குடை பிடிக்கிறார், நான் எடுக்கிறேன்.

குடிநீருக்கு 533, 537.1 என்று இபிஏவின் இரண்டு முறைகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் 29 பொருள்களைப் பார்க்கலாம். கழிவுநீருக்கும் கசடுக்கும் 1633 என்ற முறை, 40 பொருள்களைப் பார்க்கும். லேபுக்கு ஃபோன் செய்யும்போது எண்ணைச் சொல்லியே கேளுங்கள், "பிஃபாஸ் டெஸ்ட்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அந்த முறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, 4 பிபிடி வரை நம்பகமாக அளக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

சராசரிக் கணக்கு

ஒரு மாதிரியில் 4ஐத் தாண்டிவிட்டால் உடனே விதிமீறல் ஆகிவிடாது. ஒரே இடத்தில் நாலு காலாண்டுகளின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம்பகமாக அளக்கக்கூடிய அளவான 4.0க்குக் கீழே வந்த எண்ணைச் சராசரி போடும்போது பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் கிணற்றில் 6.0, 3.5, 5.2, 4.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 3.5ஐப் பூஜ்யம் ஆக்கிக் கூட்டினால் 15.6, நாலால் வகுத்தால் 3.9. விதிப்படி தப்பித்துவிட்டீர்கள். அப்படியே கூட்டி வகுத்தால் 4.8 வரும்.

தயவுசெய்து இரண்டு எண்ணையும் போட்டு வையுங்கள். மேலே அனுப்பும் படிவத்துக்கு 3.9. ஊர்மன்றத்தில் பேசும்போது, "சட்டத்துக்குள் இருக்கிறோம், ஆனால் இந்தக் கிணற்றில் இருக்கிறது, ஏறிக்கொண்டும் வரலாம்" என்று சொல்ல இன்னொன்று. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் உடல்நல இலக்கு என்று இபிஏ வைத்திருப்பது பூஜ்யம். 4 என்பது அளக்க முடிந்த, செலவு தாங்கக்கூடிய எண், அவ்வளவுதான்.

எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

அதிக எண் வந்ததும் நாலு கம்பெனிக்காரர்கள் வடிகட்டும் தொட்டி விற்க வந்து நிற்பார்கள். அவர்களை உட்கார வைத்துவிட்டு நீங்கள் வரைபடத்தை விரியுங்கள். கிணற்றைச் சுற்றி விமான நிலையம், ராணுவத் தளம், தீயணைப்புப் பயிற்சி மைதானம், பழைய குப்பைமேடு, முலாம் பூசும் பட்டறை, காகித ஆலை, தோல் பதனிடும் இடம், கசடு கொட்டிய வயல் எதுவெல்லாம் இருக்கிறது, முன்பு எதுவெல்லாம் இருந்தது? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரோடு காபி குடித்தால், எந்த மைதானத்தில் எத்தனை வருடம் நுரை அடித்தோம் என்று எந்த ஆவணத்திலும் இல்லாததைச் சொல்லிவிடுவார்.

ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் ஊர்களுக்கு வட கரோலைனாவின் வில்மிங்டன் கதையைவிடப் பெரிய பாடம் கிடையாது. கேப் ஃபியர் ஆற்றின் மேல்போக்கில் கெமோர்ஸ் கம்பெனியின் ஃபேயட்வில் ஆலை. அதற்குக் கீழே குடிநீருக்கு எடுக்கும் தண்ணீரில் ஜென்எக்ஸ் சராசரியாக லிட்டருக்கு 631 நானோகிராம் இருந்ததாக 2016ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 2017 ஜூனில் உள்ளூர்ப் பத்திரிகை ஸ்டார்நியூஸ் எழுதிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. வில்மிங்டனின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓசோன், உயிர்வடிகட்டி, புறஊதா விளக்கு எல்லாம் இருந்தன, எதுவும் பிடிக்கவில்லை. ஆலையின் கழிவை ஆற்றில் விடாமல் தடுத்ததும் ஜென்எக்ஸ் மடமடவென்று இறங்கியது. ஊர்க்காரர்கள் ஒரு டாலர்கூட இயந்திரத்துக்குச் செலவழிக்கும் முன்பே கிடைத்த பலன் அது. ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே ஊறிப்போனது தொடர்ந்து வந்துகொண்டே இருந்ததால், கடைசியில் 4 கோடி டாலருக்கு மேல் போட்டு எட்டு ஆழமான கரிப் படுகைகளைக் கட்டி, 2022 அக்டோபரில் ஓடவிட்டார்கள்.

கழிவுநீர்ப் பக்கம்: மேன்ஹோல் மேன்ஹோலாக மேலே போங்கள்

குடிநீரில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், தாண்டாதீர்கள். உங்கள் கழிவுநீர் நிலையம் விடும் தண்ணீர்தான் ஆற்றின் கீழே இன்னொரு ஊருக்குக் குடிநீர்.

சாதாரணக் கழிவுநீர் நிலையம் பிஃபாஸை உடைக்காது. உள்ளே வந்ததில் ஒரு பகுதி தண்ணீரோடும் இன்னொரு பகுதி கசடோடும் வெளியே போகும். சில சமயம் உள்ளே வந்ததைவிட வெளியே போவதில் பிஎஃப்ஓஎஸ் அதிகமாக இருக்கும், லேப் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மூலக்கூறுகள் சில நம் காற்றூட்டத் தொட்டியில் சிதைந்து பிஎஃப்ஓஎஸ்ஸாகவும் பிஎஃப்ஓஏவாகவும் மாறுகின்றன. சோதனைப் பட்டியலில் இல்லாத பெயரோடு உள்ளே வந்து, பட்டியலில் உள்ள பெயரோடு வெளியே போகின்றன.

மிச்சிகன் இதில் செய்த வேலையை நான் மதிக்கிறேன். 2018ல், தொழிற்சாலைக் கழிவைப் பெறும் 95 கழிவுநீர் நிலையங்களை, உங்களுக்குக் கழிவு அனுப்பும் ஆலைகளில் யாரிடமிருந்து பிஃபாஸ் வருகிறது என்று கண்டுபிடியுங்கள் என்று மாநிலம் கேட்டது. அகப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் குரோம் முலாம் பூசுகிறவர்கள். குரோம் தொட்டியிலிருந்து கிளம்பும் நச்சு ஆவியை அடக்க பிஎஃப்ஓஎஸ் கலந்த திரவத்தை அதில் ஊற்றுவார்கள். அதற்கு 2015லேயே தடை வந்துவிட்டது. இருந்தாலும் தொட்டியின் உட்சுவரிலும் குழாயிலும் கான்கிரீட் தரையிலும் ஊறியது வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது. விக்சம், லபீர் ஊர்களில் முலாம் ஆலையின் வாசலிலேயே கரி வடிகட்டி வைத்ததும் ஊர்க் கழிவுநீரில் பிஎஃப்ஓஎஸ் சுமார் 99 சதவீதம் இறங்கியது. ஊர் முழுவதின் சாக்கடையையும் வடிகட்டுவதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு சொற்பம்.

செய்யும் முறை எளிது. முதலில் நிலையத்துக்குள் வரும் நீர், வெளியே போகும் நீர், கசடு மூன்றிலும் ஒரு மாதிரி. அப்புறம் பெரிய குழாய்கள் சேரும் மேன்ஹோல்களில். எந்தக் கிளையில் எண் குதிக்கிறதோ அந்தக் கிளையில் இன்னும் மேலே. நாலைந்து சுற்றில் ஒரு தெருவுக்கு வந்து நிற்பீர்கள். அந்தத் தெருவில் வழக்கமாக ஒரு பட்டறை, ஒரு பெரிய சலவை நிலையம், அல்லது குப்பைமேட்டின் கசிவு நீரைக் கொண்டுவந்து ஊற்றும் லாரி இருக்கும். ஆலைக்காரரிடம் போகும்போது நோட்டீஸோடு போகாமல் எண்ணோடு போங்கள். நான் பார்த்தவர்களில் பலருக்குத் தங்கள் தொட்டியில் இது இருப்பதே தெரியாது. வாங்கும் ரசாயனங்களின் பாதுகாப்புத் தாளைக் கேளுங்கள், பழைய தொட்டியை மாற்றினீர்களா, கழுவினீர்களா என்று கேளுங்கள். பேசிப் பார்த்தும் அசையவில்லை என்றால், தொழிற்சாலைக்குக் கழிவுநீர் அனுமதி கொடுப்பதே நீங்கள்தான். அதில் வரம்பு எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

கசடு தனித் தலைவலி. மெயின் மாநிலத்தின் ஆரண்டல் ஊரில் கசடை உரமாகப் போட்ட ஒரு பண்ணையில் மண், தண்ணீர், புல், கடைசியில் பசும்பால் வரைக்கும் பிஃபாஸ் ஏறிவிட்டது. 2022ல் அந்த மாநிலம் வயலில் கசடு போடுவதையே தடை செய்தது. மிச்சிகன் 2021ல் வேறு வழியை எடுத்தது. கிலோவுக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் பிஎஃப்ஓஎஸ் இருந்தால் வயலுக்குப் போகக் கூடாது என்று வைத்து, பிறகு அந்த எண்ணையும் குறைத்தது. உங்கள் ஊர்க் கசடை வாங்கும் விவசாயிக்கு உங்கள் எண் தெரிந்திருக்க வேண்டும். மாநிலம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன் வேறு வழி இருக்கிறதா?

2018 ஜூலை கடைசியில் மிச்சிகனின் பார்ச்மென்ட் என்ற சின்ன ஊரில் மொத்த பிஃபாஸ் 1,500 பிபிடியைத் தாண்டி வந்தது. தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று உடனே சொன்னார்கள், புட்டித் தண்ணீர் கொடுத்தார்கள், சில வாரங்களில் பக்கத்து கலமசூ நகரக் குழாயோடு இணைத்துவிட்டார்கள். பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் இதுதான் சிறந்த வழி. உங்களிடம் ஐந்து கிணறு இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதை நிறுத்திவிடலாம், ஆழத்தை மாற்றிப் பார்க்கலாம். கலந்து நீர்க்கச் செய்வதும் சட்டப்படி செல்லும். ஆனால் கெட்ட கிணற்றின் எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கணக்கு நிற்காது.

கரி, ரெசின், ஆர்ஓ

வேறு வழியில்லை என்றால் மூன்று தேர்வுகள்.

கரி என்றால் துகள் வடிவ ஊக்கிய கரி. ஆள் உயரத்தைவிடப் பெரிய எஃகுத் தொட்டிகள் இரண்டை அடுத்தடுத்து வைப்பார்கள். தண்ணீர் ஒவ்வொன்றிலும் சுமார் 10 நிமிடம் தங்கிப் போகும். முதல் தொட்டி பிடித்துப் பிடித்து நிறைந்ததும், இரண்டாவது இன்னும் காவலுக்கு இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள குழாயில் மாதாமாதம் சோதியுங்கள், அங்கே எண் எட்டிப் பார்க்கும்போதே கரி மாற்றத் தேதி குறித்துவிடலாம். நீளச் சங்கிலிகளைக் கரி நன்றாகப் பிடிக்கும், குட்டைச் சங்கிலிகள் சீக்கிரம் நழுவும். காங்கேயத்துக் கொட்டாங்குச்சிக் கரி நினைவுக்கு வந்து, அதைப் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. போடலாம், ஆனால் பிஃபாஸுக்கு நிலக்கரியிலிருந்து செய்த கரிதான் பல சோதனைகளில் அதிக நாள் தாங்கியிருக்கிறது. யார் என்ன சொன்னாலும் உங்கள் தண்ணீரை வைத்துச் சின்னக் குழாயில் சோதித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். தண்ணீரில் இலைதழைக் கரிமம் அதிகம் இருந்தால் கரி பாதி நாளிலேயே தீர்ந்துவிடும். புதுக் கரியிலிருந்து ஆரம்பத்தில் கொஞ்சம் ஆர்சனிக் வெளியேறலாம், காரத்தன்மையும் ஏறும். அதனால் முதல் தண்ணீரை ஊருக்குள் விடாமல் கழித்துவிட வேண்டும்.

ரெசின் என்பது அயனி மாற்றும் மணிகள். இரண்டு மூன்று நிமிடத் தொடர்பே போதும், தொட்டி சின்னது, இடம் குறைவு, குட்டைச் சங்கிலிகள் சிலவற்றைக் கரியைவிட நன்றாகப் பிடிக்கும். விலை அதிகம், குளோரின் பட்டால் கெட்டுவிடும், இரும்பு இருந்தால் அடைத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் யோர்பா லிண்டாவில் 2021 கடைசியில் இந்த வகையில் பெரிய நிலையம் ஒன்றைத் திறந்தார்கள்.

ஆர்ஓ பற்றி நம் ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சென்னையில் அம்மா ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயை வாளியில் விட்டு, அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவார். ஊர் அளவில் அந்த வாளிதான் பிரச்சினை. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, பிஃபாஸ் திரண்ட தண்ணீர் மிஞ்சும், அதை எங்கே விடுவது? வில்மிங்டனுக்குப் பக்கத்து பிரன்ஸ்விக் கவுன்டி கரியை விட்டு ஆர்ஓவைத் தேர்ந்தெடுத்தது, மிஞ்சும் நீரை ஆற்றில் விடுவது அங்கே பெரிய விவாதம் ஆனது. கடலோ வேறு போக்கிடமோ இல்லாத சிறிய ஊருக்கு ஆர்ஓவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடித்தது எங்கே போகிறது?

மேலே சொன்ன மூன்றும் பிஃபாஸைப் பிடித்து இடம் மாற்றுகின்றன, அழிப்பதில்லை. தீர்ந்த கரியைக் குப்பைமேட்டில் போட்டால் அதன் கசிவு நீர் லாரியில் ஏறி உங்கள் கழிவுநீர் நிலையத்துக்கே திரும்பி வரலாம். அதனால் கரி வாங்கும் ஒப்பந்தத்திலேயே பழையதை எங்கே கொண்டுபோவார்கள், எந்த வெப்பத்தில் சுட்டுப் புதுப்பிப்பார்கள் அல்லது எரிப்பார்கள், அதற்குச் சான்று தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் 2024 ஜூலையிலிருந்து மாசு அகற்றும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் ஆபத்தான பொருள்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

பணம்

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் சிறிய, வசதி குறைந்த ஊர்களின் குடிநீரில் இந்த மாதிரிப் புதிய மாசுகளைக் கையாள 500 கோடி டாலர் மானியம் ஒதுக்கினார்கள், மாநிலக் கடன் நிதிகள் வழியாக குடிநீருக்கு இன்னொரு 400 கோடி, கழிவுநீருக்கு 100 கோடி. கழிவுநீருக்கான பங்கைக் கேட்டு வாங்கும் ஊர்கள் குறைவு, நீங்கள் கேளுங்கள். அப்புறம் குடிநீர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 3எம் என்ற கம்பெனி குறைந்தது 1,030 கோடி டாலரும், டூபான்ட், கெமோர்ஸ், கோர்ட்டீவா சேர்ந்து 118.5 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டு, 2024ல் நீதிமன்றம் ஏற்றது. உங்கள் ஊர் விண்ணப்பித்ததா, எந்தச் சுற்றில், இன்னும் கெடு பாக்கி இருக்கிறதா என்று ஊர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

ஊருக்குச் சொல்வது

எண் வந்த பிறகு மாதக்கணக்கில் வைத்திருந்து சொன்ன ஊர்களில் மக்கள் அதற்கப்புறம் எந்த எண்ணையும் நம்புவதில்லை. வந்த வாரமே சொல்லுங்கள். கிணறு எது, எண் எவ்வளவு, வரம்பு எவ்வளவு, என்ன செய்யப்போகிறோம், எப்போது. "கவலைப்பட ஒன்றுமில்லை" என்ற வாக்கியத்தை எங்கேயும் எழுதாதீர்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள்தான் ஃபோனில் முதலில் வருவார்கள், பால் பவுடரை எந்தத் தண்ணீரில் கலக்குவது என்று கேட்பார்கள். கொதிக்க வைத்தால் போகாது என்று சொல்லுங்கள். சமையலறைக் குழாயில் வைக்கும் கரி வடிகட்டிக்கு என்எஸ்எஃப் 53, ஆர்ஓவுக்கு என்எஸ்எஃப் 58 என்ற சான்று இருக்கிறதா, அதில் பிஃபாஸ் என்று குறிப்பாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சான்று இருந்தாலே 4க்குக் கீழே வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை என்பதையும், வடிகட்டியைச் சொன்ன நாளில் மாற்றாவிட்டால் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை, தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். கிணற்றுத் தண்ணீரில் வளர்த்த காய்கறி, ஆற்று மீன் என்று கேட்டால் மாநிலச் சுகாதாரத் துறையின் மீன் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். கடைசியாக, அடுத்த மாதிரி எந்தத் தேதியில் எடுக்கிறோம், முடிவு எப்போது வரும் என்று சொல்லி, அவருடைய பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்றைக்கு முதல் ஃபோன் அவருக்குப் போகட்டும்.